சட்டம் பேசிய மொழியும் கேட்ட குடிகளும்

தமிழிலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற வழக்குரை காட்சிகள் இரண்டு. ஒன்று, பாண்டியன் அவைக்களத்தில் கண்ணகி தொடுத்தது. மற்றொன்று, திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது முதிய அந்தணர் ஒருவர் தொடுத்தது. முன்னது குற்றவியல் வழக்கு. பின்னது உரிமையியல் வழக்கு. மக்கள் பேச்சில் கிரிமினல், சிவில் என வழங்கும் இப்பாகுபாட்டை விளக்க இவ்விரண்டினும் சிறந்த எடுத்துக்காட்டுகள் கிடைத்தல் அரிது. குற்றவியலில் அரசே தண்டிக்க முன்வருகிறது; உயிரையோ நடமாடும் உரிமையையோ பறிக்கும் ஆற்றலுடன் வருகிறது. உரிமையியலில் ஒருவர் மற்றொருவரிடம் தமக்குரியதைக் கேட்கிறார்; அரசு நடுநின்று உரியவர் யார் என்று சொல்கிறது.

கோவலன் கொலையில் நேர்ந்தது நடைமுறைப் பிழை. பொற்கொல்லன் சொல் ஒன்றே சான்றாக, குற்றம் சுமத்தப்பட்டவனை ஒரு வார்த்தையும் கேளாமல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பின்னர் வந்த கண்ணகி, மறுக்கவியலாத சான்றுப் பொருளை அவையிலேயே உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். கேட்ட பின்னரே தண்டிக்க வேண்டும் என்னும் நெறியைச் சிலம்பின் கதை கேட்டு வளர்ந்த எவரும் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு இன்னும் நுட்பமானது. மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், மணமகனின் பாட்டனார் தம்மையும் தம் வழியினரையும் தமக்கு அடிமையாக எழுதிக்கொடுத்தார் என்கிறார், ஓலையையும் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு ஊரவைக்குச் செல்கிறது. அவையோர் வழக்குத் தொடுத்தவரிடம் மெய்ப்பிக்கும் வழியைக் கேட்கின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றுகள் அங்கே பேசப்படுகின்றன. வழிவழி வந்த நடைமுறை, எழுத்து, கண்டவர் சாட்சி என்று இவற்றை விரித்துக்கொள்ளலாம். கிழிக்கப்பட்டது நகலே, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். மூலம் அவைமுன் வருகிறது. கரணத்தான் அதைப் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனாரின் கையெழுத்துத்தானா என்ற ஐயம் எழுந்தபோது, அவர் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன. அதன் பின்னரே தீர்ப்பு.

மூலமும் நகலும் வேறு என்பதும், ஐயத்துக்குரிய கையெழுத்தை ஐயமற்ற கையெழுத்தோடு ஒப்பிடலாம் என்பதும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் விரித்துரைத்த கொள்கைகள். கையெழுத்து ஒப்பீட்டை அதன் 73-ஆம் பிரிவு கூறிற்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் சேக்கிழார் இவற்றைக் கதையாகச் சொன்னபோது விளக்கவுரை எதுவும் சேர்க்கவில்லை. சோழப் பேரரசில் அமைச்சராக இருந்த அவருக்கு ஆவண நடைமுறை கைவந்திருந்தது வியப்பன்று. அவர் பாடலைக் கேட்டவர்களுக்கும் அது விளங்கியது என்பதே கருதத்தக்கது. ஓலை, கரணம், கைச்சாத்து, காப்பு எல்லாம் அவர்கள் ஊரில் இருந்தவை. அவர்கள் வாயில் வழங்கியவை.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவதற்கு இது இடமன்று. வழக்கின் பொருளே ஒரு மனிதன் மற்றொருவனுக்கு அடிமையாவது பற்றியது. எழுத்து முறையாக இருந்தால் வழித்தோன்றல்களையும் அது கட்டும் என்பதை அவை ஏற்றுக்கொள்கிறது. பக்தி நூலில் அடிமைத்திறம் பேறாகிறது. நிலத்தில் உழைத்தவர்களுக்கு அது பேறாக இருக்கவில்லை. அடிமைநிலையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி அரசின் சட்டம் கூறியது 1843-இல்தான்.

சுவரில் நின்ற சட்டம்

முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (919, 921) குடவோலை முறைக்காகப் பலராலும் போற்றப்படுபவை. அவற்றைச் சட்டத்தை மக்களுக்கு அறிவிக்கும் முறை என்ற கோணத்தில் பார்ப்போர் குறைவு. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர், அவர்தம் உறவினரும் தகுதியற்றவர். இவையெல்லாம் அவைக்கூடத்தின் சுவரிலேயே தமிழில் வெட்டப்பட்டன. விதி எது என்ற ஐயம் எழுமானால் அவை கூடும் இடத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

யார் படித்துக்கொள்ளலாம் என்ற வினா உடனே எழும். அது பிரமதேய ஊர். விதிகள் நிலமுடைய மறையோருக்கானவை. ஊரின் மற்றையோர்க்கு அச்சுவர் கேட்டறியும் சுவராகவே இருந்திருக்கும். ஆயினும் விதியின் மூலமும் அது விளங்கும் மொழியும் ஒன்றாகவே இருந்தன. சோழர் காலத்துக் கொலை வழக்குகள் சிலவற்றிலும் இதனைக் காணலாம். வேட்டையிலோ கைகலப்பிலோ எண்ணாமல் நேர்ந்த சாவுக்கு, கொலைத் தண்டனைக்கு மாற்றாகக் கோயிலில் நந்தா விளக்கு வைக்குமாறு நாட்டார் அல்லது ஊரார் தீர்ப்பளித்த செய்திகள் கல்வெட்டுகளில் உள்ளன. எண்ணிச் செய்த கொலையும் எண்ணாது நேர்ந்த கொலையும் ஒன்றல்ல என்னும் பாகுபாட்டை அந்த ஊர்கள் அறிந்திருந்தன.

பன்னிரு முதலியார்

குடிகளிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பின் சட்டமான நூல் ஒன்று ஈழத்தில் உண்டு. யாழ்ப்பாணத்தை 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அங்குள்ள தமிழர்களின் சொத்துரிமை வழக்குகளைத் தீர்க்க அவர்தம் வழக்காறுகளை அறிய வேண்டியதாயிற்று. ஆளுநர் சைமன்சு ஆணையிட, அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்சு என்னும் அதிகாரி அவற்றை ஒல்லாந்த மொழியில் தொகுத்து 1707-இல் அளித்தார். யான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழாக்கினார். அத்தமிழ்ப் படி பன்னிரண்டு முதலியார்களிடம் தரப்பட்டு, தங்கள் நாட்டு வழக்கு இதுவே என்று அவர்கள் கூறிய பின்னரே நூல் நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அதனை உறுதிசெய்தனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பகுக்கும் அச்சட்டத்தின் சொற்கள் இன்றும் ஆங்கிலத் தீர்ப்புகளில் தமிழாகவே ஒலிக்கின்றன. சட்டத்தமிழ் பற்றிப் பேசுவோர் தேசவழமையை இன்னும் நெருங்கிப் படித்தல் வேண்டும். மக்களிடம் காட்டிய படி தமிழ். ஆயினும் அரசு மூலமாகக் கொண்டது ஒல்லாந்தப் படி, பின்னர் அதன் ஆங்கிலப் பெயர்ப்பு. தமிழ் சரிபார்ப்பதற்கு உதவிய அளவோடு விலகிக்கொண்டது. ஒப்புதல் தந்த பன்னிருவரில் பெண் ஒருத்தியும் இல்லை. சீதனம் பற்றிய விதிகள் முதன்மையாக யாரைத் தொடுவனவோ அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தபோதும் நிலைமை அதுவே.

கும்பினியாரின் கச்சேரிச் சொற்கள்

தமிழகத்தில் கும்பினியார் 1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளால் ஜில்லாக் கோர்ட்டுகளை நிறுவியபோது குடிமகன் முன் நின்ற சட்டம் விந்தையான கலவை. குற்ற வழக்குக்கு ஆங்கிலேயர் மாற்றங்கள் செய்த இசுலாமியக் குற்றச்சட்டம். மரபுரிமை வழக்குக்கு இந்துக்களுக்கு வடமொழி நூல்கள். முசுலிம்களுக்கு அரபு நூல்கள். நீதிபதி ஆங்கிலேயர். வழக்காடுபவர் உழவர். இடையில் மொழிபெயர்ப்பாளரும் சிரஸ்தாரும் நின்றனர். வடமொழிச் சட்ட நூல்களைத் தமிழில் தரும் முயற்சி 1812-இல் தோன்றிய சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்து எல்லிஸ் முதலியோரால் நடந்தது; அது நீதிமன்ற அலுவலர் பயிற்சியைத் தாண்டிப் பரவவில்லை.

இக்காலத்தில் தமிழுக்குள் வந்து தங்கிய சொற்களின் பட்டியல் ஒரு சமூக வரலாறு. வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா, வாய்தா, தாவா, பிராது, பைசல், ராஜி, முச்சலிக்கா, மகஜர், ஆஜர், ரத்து, கைது, கைதி, அசல், நகல், வாரிசு ஆகிய இவற்றுள் பெரும்பாலானவை அரபு, பாரசீக வழி வந்தவை. பின்னர் சம்மன், டிக்ரி, அப்பீல், நோட்டீஸ், புரோநோட்டு என ஆங்கிலச் சொற்கள் சேர்ந்தன. மொழித்தூய்மை நோக்கில் இவற்றை வருந்தத்தக்கவையாகக் காண்பது எளிது. எழுத்தறியாத ஒருவர் தம் நிலத்தைக் காத்துக்கொள்ளப் பிடித்த கைப்பிடிகள் இவை என்ற நோக்கும் வேண்டும். வாய்தா என்றால் மறுபடியும் வரவேண்டிய நாள். ஜப்தி என்றால் வீட்டுப் பொருள் போகும் நாள். இவ்வளவு தெரிந்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில் மக்கள் கற்ற மொழி அது. வழக்கு, ஒற்றி, வில்லங்கம், அடங்கல் போன்ற சொற்கள் அவற்றின் நடுவே தம் இடத்தை இழக்காமல் நின்றதும் குறிப்பிடத்தக்கது. வழக்கு என்னும் சொல் இலக்கணத்தில் மக்கள் பயில்வதைக் குறிக்கிறது. நீதிமன்றத்தில் மக்கள் முரண்படுவதைக் குறிக்கிறது.

தாமஸ் மன்றோவின் பரிந்துரைகளை ஒட்டி 1816-இல் வந்த ஒழுங்குமுறைகள் கிராம முன்சீபுகளுக்குப் பத்து ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் அளித்தன. ஊர்ப் பேச்சு மொழியில் நடந்த சிறு நீதி அது. கிராம முன்சீபின் சாதியும் செல்வமும் அந்த நீதியில் கலந்திருந்தன என்பதை எவரும் அறிவர். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் தமிழ்நாட்டில் 1980-இல் ஒழிக்கப்பட்டன.

மாயூரம் முன்சீபு

இந்நெடிய வரலாற்றில் சட்டத்தையும் தமிழையும் ஒருசேரக் கையாண்டவராக முன்னிற்பவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). முதல் தமிழ் நாவலாசிரியர் என்ற புகழ் அவருடைய மற்றொரு பணியை மறைத்துவிட்டது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடி முன்சீபாக அமர்ந்தார். அவ்வூர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்புவரை டேனியருடையதாக இருந்தது. பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆண்டுகள் அவருக்கு ஓர் உண்மையைக் காட்டியிருக்க வேண்டும். சட்டம் என்பது அச்சிட்ட விதிகள் மட்டுமன்று. உயர்ந்த மன்றங்கள் அவ்விதிகளுக்குச் சொன்ன பொருளும் சட்டமே. அப்பொருள் சதர் அதாலத்துத் தீர்ப்புகளில் ஆங்கிலத்தில் கிடந்தது. ஒரு குடும்பத்தில் மூத்த மகனுக்கு என்ன பங்கு, கைம்பெண்ணுக்கு என்ன வாழ்வுரிமை, ஒற்றி எப்போது மீளும் என்பன முன்பே தீர்க்கப்பட்டிருந்தும், அத்தீர்ப்பை அறியாதவர் மீண்டும் செலவு செய்து வழக்காடித் தோற்க வேண்டியிருந்தது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் தந்தார் வேதநாயகர். ‘சித்தாந்த சங்கிரகம்’ எனப் பெயரிட்டு 1862-இல் அது வெளிவந்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் நூலாக வந்தது அதுவே முதல் முறை.

சித்தாந்தம் என்னும் சொல்லை அவர் எடுத்துக்கொண்டது கவனத்துக்குரியது. முடிந்த முடிபு என்பது அதன் பொருள். சமய நூலார்க்குரிய சொல்லைத் தீர்ப்புக்கு ஆக்கினார். கவிஞர் செய்த மொழிபெயர்ப்பு என்பதன் அடையாளம் அது. ‘நீதிநூல்’ எழுதிய கையே அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் இதனையும் எழுதியது. அறம் என்ன என்று சொல்வது ஒன்று. சட்டம் என்ன செய்யும் என்று சொல்வது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பது நாள்தோறும் தீர்ப்பெழுதியவருக்குத் தெரியாததன்று. இரண்டையும் தமிழரிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணினார்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) அச்சான போது அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாவலில், தமிழ் வழங்கும் ஊர்களின் நீதிமன்றங்களில் தமிழரான வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை அவர் கடுமையாகச் சாடுகிறார். தன் நிலம் பற்றியும் தன் மானம் பற்றியும் எதிரில் நின்று பேசுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறியாமல் கட்சிக்காரன் விழிக்கும் காட்சி அவர் நேரில் கண்டது. கதையோட்டத்தைத் தடுக்கும் பகுதி என்று திறனாய்வாளர் சிலர் அதனைக் குறைகூறுவர். கதையோட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நீதிபதியாக இருந்தவர் தம் மன்றத்தைப் பற்றித் தந்த வாக்குமூலம் அது.

காளையும் நாயும் சொன்ன சட்டம்

வேதநாயகர் நூல் வந்த அதே 1862-ஆம் ஆண்டு தொடக்க நாளில்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்து, 1860-இல் நிறைவேறிய அச்சட்டம் 511 பிரிவுகள் கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் தொடங்கிற்று. பழைய கலவையான குற்றச்சட்ட நிலை போய், எல்லோர்க்கும் ஒரே குற்றச்சட்டம் வந்தது பெருமாற்றம். அயல் அரசின் கருவியாயினும் அவ்வளவில் அது பாராட்டுக்குரியது.

அச்சட்டத்தின் அமைப்பில் இலக்கிய வாசகர்கள் சுவைக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. ஒவ்வொரு கடினமான விதியின் அடியிலும் சிறு சிறு கதைகள். மற்றொருவர் நிலத்தில் நிற்கும் மரத்தைக் கவரும் எண்ணத்தோடு ஒருவன் வெட்டுகிறான்; மரம் தரையிலிருந்து வேறான அந்தக் கணமே திருட்டு முடிந்தது; தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. நாய் விரும்பும் தீனியைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவன் நடக்கிறான்; பிறர் நாய் பின்தொடரத் தொடங்கியதும் அது திருட்டு. பெட்டி நிறையப் பொருள் சுமந்து ஒரு காளை எதிரே வருகிறது. பொருளைக் கவர எண்ணி அதனை ஒருவன் வேறு திசையில் ஓட்டுகிறான். காளை நகர்ந்ததும் பொருள் திருடப்பட்டதாகிறது. நெடுஞ்சாலையில் எவர் கையிலும் இல்லாது கிடந்த மோதிரத்தை எடுத்தவன் திருடன் அல்லன். ஆனால் அதைத் தனதாக்கிக்கொண்டால் வேறொரு குற்றத்துக்கு ஆளாகலாம்.

திருட்டுக்கு மூன்று கூறுகள் வேண்டும். பொருள் பிறர் கையிருப்பில் இருக்க வேண்டும், எடுப்பவன் எண்ணம் தீயதாக இருக்க வேண்டும், பொருள் நகர வேண்டும். இந்தக் காளையும் நாயும் இல்லாமல் இவற்றை ஒரு பொதுமகனுக்கு விளக்குவதாயின் பல பக்கங்கள் ஆகும். சட்டம் மக்களுக்கு விளங்கவேண்டும் என்ற எண்ணம் வரைந்தவர்களுக்கு இருந்தது. அதை ஆங்கிலத்தில் விளங்க வைத்தார்கள். உண்மைநிலை பற்றிய தவறான எண்ணம் மன்னிக்கப்படலாம், சட்டம் பற்றிய தவறான எண்ணம் மன்னிக்கப்படாது என்ற கோட்பாட்டையும் அதே சட்டத்தில் எழுதினார்கள். படிக்க இயலாத மொழியில் உள்ள விதியை அறியாமை குற்றவாளிக்குத் துணையாகாது என்பது அதன் நடைமுறைப் பொருள். 1908-இல் தூத்துக்குடி வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தமிழில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்காக 124-அ பிரிவின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டபோது, அவற்றை எடைபோட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பின்ஹே ஆங்கிலேயர், தீர்ப்பும் ஆங்கிலம். முதலில் விதிக்கப்பட்டது மொத்தம் நாற்பதாண்டு நாடுகடத்தல்.

விளங்காத சட்டத்திலிருந்து மக்கள் எண்களை எடுத்துக்கொண்டனர். ஏமாற்றுக்காரனுக்கு 420 என்று பெயர் வந்தது. கூட்டம் கூடத் தடை என்றால் 144. கொலை என்றால் 302. சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பாராதவரும் இவற்றைச் சொன்னார்கள். திரைப்படமும் நாளிதழும் பரப்பிய இக்கல்வி குறையுடையதே. 144 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைச் சார்ந்தது, மற்ற இரண்டும் தண்டனைச் சட்டத்தைச் சார்ந்தவை என்பது பேசியவர்க்குத் தெரியாது. ஆனாலும் நூற்றறுபது ஆண்டுகளில் மக்கள் உழைத்துச் சேர்த்த சட்ட அறிவு அது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 358 பிரிவுகளுடன் வந்தது. கொலைக்குரிய தண்டனை 103-ஆம் பிரிவுக்கும், ஏமாற்றுதல் 318-க்கும் சென்றன. நடைமுறைச் சட்டத்தின் 144, அதனிடத்தில் வந்த சட்டத்தில் 163 ஆனது. காளையும் நாயும் புதிய சட்டத்திலும் உள்ளன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் இரண்டு எண் வரிசைகளையும் அறிய வேண்டிய கடமை குடிமகன்மேல் விழுந்தது. புதிய சட்டங்களின் பெயர் வடமொழி. நாடாளுமன்றத்தில் வந்த உள்ளடக்கம் ஆங்கிலம். தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் இதனை எதிர்த்துப் போராடியது செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே.

குற்றவியலுக்காவது எண்கள் இருந்தன. நாள்தோறும் மக்களைத் தொடும் உரிமையியலுக்கு அதுவும் இல்லை. கடன் கொடுத்தவர் புரோநோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு காகிதம் பத்திரமாக இருக்கிறது என்று நிறைவு கொள்கிறார். மூன்றாண்டுகள் கடந்தால் அதைக் கொண்டு வழக்குத் தொடுக்க இயலாது. அதற்குள் கடன்பட்டவர் ஒரு பகுதியைச் செலுத்தி நோட்டின் பின்புறம் கையொப்பமிட்டு வரவு எழுதினால் காலம் புதிதாகத் தொடங்கும் என்பதை ஊர் வட்டிக்காரர் அறிவார், உழவர் அறியார். பட்டா தம் பெயரில் இருப்பதால் நிலம் தமதே என்று நம்புவோர் பலர். பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே, உடைமைக்கு முடிந்த சான்றன்று என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கூறியும் அந்நம்பிக்கை அசையவில்லை. வேலித் தகராற்றுக்குக் காவல் நிலையம் போய் ‘இது சிவில் விவகாரம்’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்படுபவர்க்கு அந்தச் சொல்லின் பொருளை எவரும் விளக்குவதில்லை.

விடுதலைக்குப் பின்

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. அதன்பின் வந்த திருத்தங்களால் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பெழுதுவதற்கும் தமிழ் உரிமை பெற்றது. மத்தியச் சட்டங்களைத் தமிழாக்கும் பணியில் முன்னின்றவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். மகராஜன். இரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் வளர்ந்தவர். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கியவர். வேதநாயகருக்கு நூறாண்டுகளுக்குப் பின்னும் சட்டத்தமிழ் ஓர் இலக்கிய அன்பரின் மேசைக்கே வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. ‘உரிமையியல்’, ‘குற்றவியல்’, ‘பிணை’, ‘மேல்முறையீடு’, ‘வாதி’, ‘பிரதிவாதி’ முதலிய சொற்கள் நீதிமன்றத் தாள்களில் இன்று இயல்பாக நிற்கின்றன. பேச்சில் ஜாமீனும் அப்பீலும் விலகவில்லை. சட்டச் சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் சிலர், ஜாமீனை அறிந்த பாட்டிக்குப் பிணை விளங்காது என்பதை மறந்து, அவளுக்கு இரண்டாவது அயன்மொழி ஒன்றைத் தந்துவிட்டனர் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

மத்தியச் சட்டத்தின் மாநிலமொழிப் பெயர்ப்பு, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிடப்பட்டால் அம்மொழியில் அதிகாரமுடைய படியாகும் என 1973-இல் ஒரு சட்டம் வந்தது. தாளில் தமிழ் ஏற்றம் பெற்றது. எனினும் அரசமைப்பின் 348-ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். ஆளுநர் குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு வேறு மொழிக்கு இடமளிக்கலாம் என்று அவ்வுறுப்பே கூறுகிறது. அவ்வழியில் இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் மாநிலங்களில் இந்தி இடம்பெற்றது. தமிழுக்கு அவ்விடத்தைக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அதனை ஏற்கவில்லை; குசராத்து, மேற்கு வங்கம், கருநாடகம் முதலிய மாநிலங்களின் வேண்டுகோள்களும் உடன் மறுக்கப்பட்டன. முன்சீபு மன்றத்தில் தமிழில் பேசித் தமிழில் தீர்ப்புப் பெற்றவரின் வழக்கு மேல்முறையீட்டில் ஆங்கிலமாகிறது. அவருடைய தமிழ்ச் சாட்சியம் பெயர்க்கப்பட்டு, அச்சிடப்பட்டு, அவர் பார்க்காத கட்டாக மேசைமேல் ஏறுகிறது.

2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றை மாநில மொழிகளில் வெளியிட்டு வருகிறது. முதலில் அறிவிக்கப்பட்ட மொழிகளில் தமிழ் இல்லை. தமிழகத்தில் குரல் எழுந்தபின் சேர்க்கப்பட்டது. கணிப்பொறியின் துணையோடு பெயர்க்கப்படும் அத்தீர்ப்புகளின் தமிழ் இடர்ப்படுத்துவதுதான். வேதநாயகரின் மேசையில் இருந்த பொறுமை அதில் இல்லை. ஆயினும் சதர் அதாலத்துத் தீர்ப்புகளுக்கு அவர் தனியொருவராகச் செய்ததை நாட்டின் தலைமை மன்றம் தானே செய்ய முன்வந்திருக்கிறது. ஒவ்வொரு பெயர்ப்பின் இறுதியிலும் ஒரு குறிப்பு அச்சிடப்படுகிறது. வழக்காடியவர் தம் மொழியில் தீர்ப்பைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இந்தப் படி. வேறு எந்தப் பயனுக்கும் உரியதன்று. நிறைவேற்றுவதற்கும் மற்றெல்லாவற்றுக்கும் ஆங்கிலப் படியே செல்லும் என்பது அதன் கருத்து.